மாட்டு மருத்துவருக்கு மயில் வைத்தியமும் தெரிய வேண்டும்!

காயம்பட்ட காட்டுப் பறவைகளுக்குச் சிகிச்சை... கால்நடை மருத்துவருக்கு என்ன பயிற்சி தேவை, விவசாயி என்ன செய்யலாம்?

மாட்டுக்கு மடிநோய் வந்தால் கால்நடை மருந்தகம் இருக்கிறது. ஆடு கழிச்சலில் படுத்துவிட்டால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வருகிறது. கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட முகாம் நடக்கிறது. ஆனால், வரப்போரம் எழ முடியாமல் கிடக்கும் மயிலையும், மின்கம்பியில் அடிபட்டு விழுந்த பருந்தையும், நைலான் வலையில் சிக்கி இறக்கை முறிந்த கொக்கையும் எங்கே கொண்டுபோவது?

பெரும்பாலான ஊர்களில் இதற்கு ஒரே விடைதான். அதே கால்நடை மருந்தகம்தான். வனத்துறைக்குத் தகவல் சொன்னாலும், வனக்காப்பாளர் அந்தப் பறவையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதும் அதே மருந்தகத்தின் வாசலில்தான். அங்கே இருப்பவர் மாடு, ஆடு, கோழி வைத்தியத்தில் கை தேர்ந்த மருத்துவர். ஐந்தரை ஆண்டுப் படிப்பில் காட்டு உயிரினங்கள் பற்றியும் பாடம் உண்டு. ஆனால், அது மொத்தப் படிப்பில் சிறு பகுதி. மேசைமேல் வைக்கப்பட்ட கூகைக்கு ஊசியை எந்த இடத்தில், எவ்வளவு போடுவது என்பது கையால் செய்து பழகினால்தான் வரும். அந்தப் பழக்கத்தைத் தருவதுதான் பறவைச் சிகிச்சைப் பயிற்சி.

பறவை என்பது சின்ன மாடு அல்ல

மாட்டுக்கும் மனிதருக்கும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசைத் திரை இருக்கிறது. அது ஏறி இறங்குவதால் மூச்சு ஓடுகிறது. பறவைக்கு அந்தத் திரை கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வரும். பதறித் துடிக்கும் பறவையை, தப்பிவிடக் கூடாது என்று நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தால் அது மூச்சு முட்டியே செத்துப்போகும். கழுத்தை நெரிக்கவே வேண்டாம், மார்பை அழுத்தினாலே போதும். பயிற்சியின் முதல் பாடமே பிடிக்கிற முறைதான்.

அடுத்தது எலும்பு. பறவையின் சில எலும்புகள் உள்ளீடற்றவை. உடலுக்குள் இருக்கும் காற்றுப் பைகளோடு தொடர்புடையவை. நரம்பு கிடைக்காத பறவைக்கு எலும்புக்குள் ஊசி செருகி சலைன் ஏற்றும் முறை உண்டு. இறக்கையின் முன்கை எலும்பிலோ, கால் எலும்பிலோ அதைச் செய்யலாம். தோள்பட்டையை ஒட்டிய மேற்கை எலும்பில் செய்தால் சலைன் நேராக மூச்சு மண்டலத்துக்குள் போகும். பறவை தன் உடலுக்குள்ளேயே நீரில் மூழ்கிய கதையாகிவிடும். மாட்டு வைத்தியத்தில் எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், இதைச் சொல்லிக்கொடுக்காமல் யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மூன்றாவது எடை. 350 கிலோ மாட்டுக்கு மருந்தளவு கணக்கிட்டுப் பழகிய கைக்கு 350 கிராம் உண்ணிக்கொக்கு வந்து சேருகிறது. பறவையின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ரத்தம். அந்தக் கொக்கின் உடம்பில் மொத்தமே 35 மில்லி அளவுதான் ரத்தம் இருக்கும். 25 கிராம் சிட்டுக்குருவிக்கு இரண்டரை மில்லிதான். நமக்குச் சொட்டுக் கணக்கில் தெரியும் ரத்தப்போக்கு அதற்கு உயிர்ப் பிரச்னை. மருந்தும் அப்படியே. மாட்டுக்கு வழக்கமாகப் போடும் புரோக்கெயின் பென்சிலின் சிறு பறவைகளுக்கு நஞ்சாக மாறக்கூடியது. அதனால், எடை போடாமல் எந்தப் பறவைக்கும் ஊசி போடக் கூடாது என்பதும், கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று மருந்தகத்தில் இருக்க வேண்டும் என்பதும் பயிற்சியின் பால பாடங்கள்.

கோழி வைத்தியம் தெரிந்தவருக்கு இது எளிதுதானே என்று தோன்றலாம். உடலமைப்பு அறிவு உதவும் என்பது உண்மை. ஆனால், கோழி வைத்தியத்தின் நோக்கமே வேறு. 1,000 கோழி இருக்கும் பண்ணையில் ஒன்று சுணங்கினால், அதை அறுத்துப் பார்த்து நோயைக் கண்டுபிடித்து மற்ற 999 கோழிகளைக் காப்பாற்றுவார்கள். காட்டுப் பறவையிலோ, மேசைமேல் இருக்கும் அந்த ஒன்றைத்தான் காப்பாற்றியாக வேண்டும். அதுவும் பிழைத்தால் மட்டும் போதாது. பறக்க வேண்டும், இரை பிடிக்க வேண்டும், பகையிடமிருந்து தப்ப வேண்டும்.

அவசரம் காட்டாத வைத்தியம்

அடிபட்ட மாட்டைப் பார்த்ததும் காயத்தைக் கழுவி, தைத்து, ஊசி போடுவது வழக்கம். பறவையில் வரிசை வேறு. மனிதக் கை பட்டாலே காட்டுப் பறவைக்கு அது வேட்டை விலங்கிடம் சிக்கியதற்குச் சமம். இதயம் தாறுமாறாகத் துடிக்கும். அந்த நிலையில் மல்லாத்திப் போட்டு இறக்கையை விரித்துப் பார்த்தால் அதிர்ச்சியிலேயே போய்விடும். நாரை, கொக்கு போன்ற நீண்ட கால் பறவைகளில் பிடிபட்ட அதிர்ச்சியால் தசைகளே சிதைந்து, பிறகு நிற்க முடியாமல் போவதும் உண்டு.

அதனால், ரத்தப்போக்கு இருந்தால் அதை மட்டும் நிறுத்திவிட்டு, இருட்டான அமைதியான பெட்டியில் சிறிது நேரம் விட வேண்டும். பிறகு உடல் சூடும் நீர்ச்சத்தும் கொடுக்க வேண்டும். அதற்கடுத்துத்தான் முழுப் பரிசோதனை. எலும்பு முறிவுச் சிகிச்சை அதற்கும் பிறகு. ஒன்றும் செய்யாமல் இருப்பதுபோலத் தோன்றும் அந்த முதல் நேரம்தான் பல பறவைகளைக் காப்பாற்றுகிறது.

எலும்பு முறிவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பறவை எலும்பு சீக்கிரம் கூடும். சரியாகச் சேர்த்துக் கட்டினால் மூன்று வாரத்தில் பிடித்துக்கொள்ளும். முறிந்த இறக்கையை உடலோடு சேர்த்து, எட்டு என்ற எண்ணின் வடிவில் கட்டுப் போடுவார்கள். ஆனால், கட்டை நீண்ட நாள் அவிழ்க்காமல் விட்டால் இறக்கையின் தோல்மடிப்பு சுருங்கி விறைத்துவிடும். எலும்பு கூடியிருக்கும், பறவை பறக்காது. ஆகவே, இடையில் கட்டை அவிழ்த்து இறக்கையை மெல்ல நீட்டி மடக்கிக் கொடுக்க வேண்டும். முறிவு எலும்பின் நடுவில் இருந்தால் நம்பிக்கை அதிகம். மூட்டை ஒட்டி இருந்தால் குறைவு. எது தேறும், எது தேறாது என்பதை முதல் நாளே கணிக்கத் தெரிவதும் பயிற்சியின் பகுதிதான். தேறாத பறவையை மாதக்கணக்கில் கூண்டில் வைத்து வதைப்பது வைத்தியம் ஆகாது.

வயலில் வைக்கும் விஷம், வானத்தில் விழும் பறவை

கிராமத்து மருந்தகத்துக்கு வரும் பறவைகளில் விஷம் தின்றவை முக்கியமானவை. விதை நேர்த்தி செய்த தானியத்தைப் பொறுக்கிய மயில், மருந்தடித்த வயலில் புழு தின்ற மைனா, விஷம் தின்ற எலியைப் பிடித்த கூகை எல்லாம் இதில் சேரும்.

ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் உள்ளே போனால் பறவைக்கு வாயில் எச்சில் வடியும், உடல் நடுங்கும், கால் மடங்கி நிற்க முடியாமல் போகும், மூச்சு வாங்கும். இதற்கு முறிவு மருந்து அட்ரோபின். அது மாட்டுக்காக ஏற்கெனவே மருந்தகத்தில் இருப்பதுதான். மருந்து இருந்தும் அளவு தெரியாததால் பறவை சாவதுதான் கொடுமை. தீனிப்பையைக் குழாய் விட்டுக் கழுவி, மிச்சமிருக்கும் விஷத் தானியத்தை வெளியேற்றும் முறையையும் பயிற்சியில் கற்றுத்தருகிறார்கள்.

எலி மருந்தில் இரண்டு விதம். புரோமோடையலோன் ரத்தத்தை உறையவிடாமல் செய்வது. அதைத் தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடித் திரியும் அந்த எலியைக் கூகை எளிதாகப் பிடித்துத் தின்னும். விஷம் கூகைக்கும் ஏறும். இதற்கு வைட்டமின் கே-1 கொடுத்துக் காப்பாற்ற வழி உண்டு. இன்னொன்று துத்தநாக பாஸ்பைடு. இதற்கு முறிவு மருந்தே கிடையாது. வரப்பில் திறந்து வைத்த விஷப்பொரியை மயிலோ கவுதாரியோ தின்றால் எந்த மருத்துவர் வந்தும் பெரிதாகப் பயனில்லை.

எலி மருந்து வைத்தே ஆக வேண்டும் என்றால், வளைக்குள் வைத்து வாயை மண்ணால் அடைக்க வேண்டும். அடுத்த நாள் செத்த எலிகளைப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். நமக்காக இரவு முழுக்கக் கூலியில்லாமல் எலி பிடிப்பது கூகை. அதைக் கொன்றுவிட்டால் அடுத்த பருவத்துக்கு எலி மருந்துச் செலவு கூடத்தான் செய்யும்.

மாட்டுக்குப் போட்ட ஊசி கழுகைக் கொன்ற கதை

பறவைகளைப் பற்றிக் கால்நடை மருத்துவர்கள் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய பாடம் இருக்கிறது. பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகு ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தது. செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் கூட்டமாக வந்து எலும்பு மட்டும் மிஞ்சும்படி தின்று முடித்துவிடும். 1990-களில் அவை கொத்துக்கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு 2007-க்குள் 100-க்கு 99-க்கும் மேல் அழிந்துபோனது. ஏதோ தொற்று நோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

2004-ல்தான் உண்மை வெளியானது. மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட டைக்ளோபினாக் ஊசிதான் காரணம். ஊசி போட்ட சில நாட்களில் அந்த மாடு இறந்தால் மருந்து இறைச்சியில் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் பழுதாகி, யூரிக் அமிலம் வெள்ளைப் பொடியாக உறுப்புகள்மீது படிந்து ஓரிரு நாட்களில் செத்துவிடும். இறந்த கழுகுகளை அறுத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது.

கால்நடைகளுக்கு டைக்ளோபினாக் பயன்படுத்துவது 2006-ல் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-ல் குப்பியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. 2023-ல் கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் ஆகிய இரண்டும் கால்நடைக்குத் தடையாயின. அசிக்ளோபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோபினாக்காகவே மாறுகிறது. அதன் பிறகு நிமெசுலைடும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. மெலோக்சிகாம், டோல்பினமிக் அமிலம் ஆகியவை பாறுகளுக்குப் பாதுகாப்பானவை என்று சோதனையில் உறுதியாகியிருக்கிறது.

தமிழ்நாட்டில் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் கூடு கட்டுகின்றன. அந்தப் பகுதியில் மாடு மேய்ப்பவரும் மருந்துக்கடைக்காரரும் மருத்துவரும் எந்த ஊசியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்தான் அவற்றின் உயிர் இருக்கிறது. சிறுநீரகம் கெட்ட பிறகு கழுகைக் காப்பாற்றுவது அரிது. மாட்டுக்கு மருந்துச் சீட்டு எழுதும்போதே கழுகையும் நினைக்க வேண்டும். அதனால்தான், பறவைச் சிகிச்சைப் பயிற்சியில் மாட்டு மருந்துக்கும் ஒரு பாடம் அவசியம் என்கிறோம்.

பயிற்சி எங்கே, தடை எங்கே?

1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் வன உயிரின அறிவியலுக்கு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. வண்டலூரில் வனத்துறையின் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம் இயங்குகிறது. உயிரியல் பூங்கா மருத்துவர்களின் அனுபவமும் அருகிலேயே கிடைக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1974-ல் தொடங்கிய இரைகொல்லிப் பறவைகள் மையம், காயம்பட்ட கழுகு, ஆந்தைகளுக்குச் சிகிச்சை அளித்துக்கொண்டே மருத்துவர்களுக்கும் பயிற்சி தருகிறது. நோயாளிப் பறவை வரும் இடமே பயிற்சிக்கூடம் என்பதுதான் அதன் முறை.

நம் நாட்டில் குஜராத் ஒரு நல்ல உதாரணம். அங்கே சங்கராந்திக்குப் பட்டம் விடும்போது மாஞ்சா நூலில் இறக்கை அறுபட்டு ஏராளமான பறவைகள் விழும். 2017 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் 'கருணா அபியான்' என்ற பெயரில் வனத்துறை, கால்நடைத் துறை, தன்னார்வலர்கள் எல்லோரும் சேர்ந்து சிகிச்சை முகாம்கள் நடத்துகிறார்கள். பறவை எப்போது விழும், என்ன காயத்தோடு விழும் என்பது முன்கூட்டியே தெரிவதால் மருத்துவர்களைத் தயார்செய்ய முடிகிறது.

நம் வயல்களுக்கும் இப்படி ஒரு நாள்காட்டி உண்டு. விதைப்புக் காலத்தில் விஷம், கதிர் முற்றும் காலத்தில் வலை, கோடையில் நீரின்றிச் சுருண்டு விழுதல், கூடு கட்டும் பருவத்தில் குஞ்சு தவறி விழுதல். கூந்தன்குளத்தில் ஊர் மரங்களில் கூடு கட்டும் நாரை, கூழைக்கடாக் குஞ்சுகள் தவறி விழுந்தால் எடுத்துப் பராமரிக்கும் வழக்கம் உண்டு. ஊர்மக்களிடம் அக்கறை இருக்கும் இத்தகைய இடங்களுக்கு அருகில் உள்ள மருந்தகங்களிலிருந்து பயிற்சியைத் தொடங்கினால் பலன் விரைவில் தெரியும்.

தடைகளும் இல்லாமல் இல்லை. ஒரு கால்நடை உதவி மருத்துவர் பல ஊர்களைக் கவனிக்கிறார். காலையில் சினை ஊசிக்கும் சிகிச்சைக்கும் மாடுகள் வரிசையில் நிற்கும்போது கொக்குக்கு நேரம் ஒதுக்குவது எளிதல்ல. பறவைக்கு உரிமையாளர் இல்லை, பார்த்த பார்வைக்குக் கணக்கும் இல்லை. எல்லா மருத்துவரும் அறுவை சிகிச்சை நிபுணராக வேண்டியதில்லை. முதல் 24 மணி நேரம் பறவையை உயிரோடு வைத்திருந்து, சரியான இடத்துக்கு அனுப்பத் தெரிந்தால் போதும். அதற்குச் சில நாள் செய்முறைப் பயிற்சியும், சின்னத் தராசும், சில கூண்டுகளும், சந்தேகம் கேட்கக் கல்லூரியில் ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தால் காரியம் நடக்கும். கிராம சபைக் கூட்டத்தில் இதைக் கோரிக்கையாக வைக்கலாம்.

மருத்துவரிடம் போகும்வரை...

● பறவையின் தலையை முதலில் துணியால் மூடுங்கள். வெளிச்சம் மறைந்தால் அடங்கும். இரண்டு இறக்கைகளையும் உடலோடு மடித்துப் பிடியுங்கள். மார்பை அழுத்தாதீர்கள்.

● பருந்து, ஆந்தைக்குக் கால் நகம்தான் ஆயுதம். கொக்கு, நாரை அலகால் கண்ணைக் குறிவைக்கும், முகத்துக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். மயிலைத் தோகையைப் பிடித்து இழுக்கக் கூடாது.

● ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வையுங்கள். மயில் போன்ற பெரிய பறவை என்றால் பஞ்சாரத்தால் கவிழ்த்துத் துணி போர்த்தலாம். பிறகு பஞ்சாரத்தைச் சோப்பு போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே கோழிக்குப் பயன்படுத்த வேண்டும்.

● வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே இருக்கிறது. ஊற்றும் நீர் நுரையீரலுக்குத்தான் போகும். பால், சோறு, ரொட்டியும் வேண்டாம்.

● வலையில் சிக்கியிருந்தால் இழுக்காதீர்கள். பறவையைச் சுற்றி வலையைக் கத்தரித்து, அப்படியே கொண்டுபோங்கள்.

● விஷம் என்று சந்தேகித்தால் மருந்துப் பாக்கெட்டையும், அருகில் கிடக்கும் தானியத்தையும் உறையில் போட்டு எடுத்துப்போங்கள்.

● கோழிகளோடு சேர்த்து வைக்காதீர்கள். வெள்ளைக்கழிச்சல், பறவைக் காய்ச்சல் பரவலாம். தொட்ட கையைச் சோப்பால் கழுவுங்கள். பல பறவைகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் தொடாமல் கால்நடைத் துறைக்கும் வனத்துறைக்கும் சொல்லுங்கள்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: அடிபட்ட மயிலை எடுத்துப்போனால் நம்மீதே வழக்கு வருமோ என்று பயமாக இருக்கிறதே?

பதில்: மயில், 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டுவரை சிறை உண்டு. காப்பாற்ற எடுத்தவருக்கு அந்தச் சட்டமே வழி சொல்கிறது. காட்டு உயிரினம் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ வனத்துறை அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும். முதலிலேயே வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டு, எங்கே, எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே வைத்துக்கொண்டால்தான் சிக்கல்.

கேள்வி: வேப்பமரத்தடியில் ஆந்தைக் குஞ்சு கிடக்கிறது. எடுத்து வளர்க்கலாமா?

பதில்: வேண்டாம். இறகு முளைத்து, தத்தித் தத்தி நடந்தால் அது பறக்கப் பழகுகிறது என்று பொருள். தாய் அருகிலேயே இருக்கும். நாய், பூனை எட்டாத கிளையில் எடுத்து வைத்துவிட்டு விலகிவிடுங்கள். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. கையில் வளர்ந்த குஞ்சு மனிதரையே தன் இனமாக நினைக்கும். அது பிறகு காட்டில் பிழைக்காது. காயம் இருந்தாலோ, இறகு முளைக்காமல் குளிர்ந்து கிடந்தாலோ மட்டும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: மாயாறு பக்கம் இருக்கிறோம். செத்த மாட்டைக் கழுகுக்காக வெளியே போடலாமா?

பதில்: சாவதற்கு முந்தைய நாட்களில் என்ன ஊசி போட்டார்கள் என்பது தெரியாவிட்டாலோ, மெலோக்சிகாம் அல்லாத வலி ஊசி போட்டிருந்தாலோ ஆழமாகப் புதைத்துவிடுங்கள். விஷம் தின்று செத்த மாட்டையும், அடைப்பான் நோய் என்று சந்தேகம் உள்ள மாட்டையும் எக்காரணம் கொண்டும் வெளியே போடவோ, தோலுரிக்கவோ கூடாது. மற்றபடி உள்ளூர் வனத்துறையினரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அடுத்த முறை மாட்டுக்கு வலி ஊசி போடும்போது மருந்தின் பெயரைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.